உள்ளே போன தேனீக்கள்

போன மாதம் எங்கள் பழைய கல்லூரியில், ஆய்வுக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் கணினித் துறைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், டேட்டாவில எல்லா வரிசையும் ஒத்துப் போய், ஒரே ஒரு வரிசை மட்டும் முறைச்சுக்கிட்டு நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கிழவி தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவே போனீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். போனேன். ஒரு பகல் முழுக்கப் போனேன். அப்படியானால் அதை எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே. தென்னையும் நெல்லும்தான் எங்கள் பிழைப்பு. கோயம்புத்தூரில் புள்ளியியல் படித்தேன், அங்கேயே ஆய்வுப் பட்டமும் வாங்கினேன், இரண்டு முறை அரசுத் தேர்வு எழுதி, பாலக்காடு மாவட்டத்தில் ஒரு கல்லூரியின் கணக்குத் துறையில் சேர்ந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். அடுத்த பன்னிரண்டு வருடம் நான் கையாண்ட எண்கள் எல்லாம் பாடப் புத்தகத்தில் யாரோ எழுதி வைத்தவை. பையில் இத்தனை சிவப்புப் பந்து, இத்தனை நீலப் பந்து. அந்தப் பையையும் பந்தையும் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஒரு நாள் மதியம் தாவரவியல் துறைத் தலைவர் வைத்தியநாதன் சார், தோளில் ஒரு துணிப் பையுடன் எங்கள் துறைக்கு வந்தார். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். ஒல்லியான ஆள். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். அதோடு கல்யாண வீட்டுக்கும் போவார் என்று கல்லூரியில் சொல்வார்கள். பையிலிருந்து நீளமாக, கொடி மாதிரி ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அதில் இரண்டு வெள்ளைப் பூ. நடு இதழில் ஊதா நிறக் கோடுகள்.

"ஏலச்செடியோட சரமாக்கும் இது. அடியில, மண்ணை ஒட்டிப் படரும். இந்தப் பூ ஒரே ஒரு நாள்தான். அதுக்குள்ள தேனீ வந்தா காய். வரலேன்னா உதிர்ந்து போயிடும்" என்றார். "எனக்கொரு சம்சயம் டீச்சரே. எத்தனை பூவைப் பார்த்தா, பார்த்தேன்னு நான் சொல்லிக்கலாம்?"

பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. காகிதத்தை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டு ஒரு எண்ணைச் சொன்னேன். அவர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "எண்ணு சரி. முதல்ல ஒரு பூவைப் பாருங்கோ."

அன்று தொடங்கிய வேலை, நான் ஓய்வு பெறும் வரை விடவில்லை.

வைத்தியநாதன் சார் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. தப்பு என்று பட்டால், "அப்படியாக்கும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் எல்லோரும் பயந்தோம். சந்தோஷம் வந்தாலும் அதே சொல்தான். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் மேசையில் ரப்பர் கிடையாது. நோட்டில் ஓர் எண் தப்பென்றால் அதன்மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும். அடியில் இருக்கும் எண் படிக்கும்படி தெரிய வேண்டும். பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். "அடிச்சதும் தெரியணம், அடிபட்டதும் தெரியணம்" என்பார். ஒருமுறை முதுகலை மாணவர் ஒருவர் வெள்ளை மை தடவிக் கொண்டுவந்த பக்கத்தை, சார் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அடியில் இருந்த எண்ணைப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய கேள்வி சாதாரணமானது. இடுக்கி மலையில் ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் பூ நிறைய வருகிறது, காய் குறைவாகப் பிடிக்கிறது. காரணம் மழையா, தேனீ குறைந்து போனதா? கணினித் துறையில் ஜெபராஜ் என்று ஒரு ஆசிரியர் இருந்தார். அப்பா அம்மா இருவரும் இடுக்கித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். அவர் ஊர்க்காரர்களிடம் பேசி ஆறு தோட்டங்களில் அனுமதி வாங்கினார். ஒரு தோட்டத்துக்கு ஒருவராக, அங்கேயே வேலை செய்யும் ஆறு பெண்கள் தேனீ எண்ண வந்தார்கள். நாங்கள் மூவர், அவர்கள் ஆறு பேர்.

எண்ணும் முறையைச் சார் ஒரு தாளில் எழுதியிருந்தார். ஒரு பெண்ணுக்கு நான்கு செடி. செடிக்கு ஒரு சரம். அதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கும். காலையில் பூ விரிந்த பிறகு, சரத்திலிருந்து ஒரு கை தூரத்தில் சாக்கு விரித்து உட்கார வேண்டும். பத்து நிமிடம் எண்ண வேண்டும், ஐந்து நிமிடம் ஓய்வு, பிறகு அடுத்த செடி. ஒரு தேனீக்கு ஒரு கோடு. ஐந்தாவது கோடு நாலையும் குறுக்கே கட்டும். மழைத்துளி தாளில் விழுந்தால் நிறுத்தி, 'மழை' என்று எழுதி மணியைக் குறிக்க வேண்டும். பவுடர் கூடாது. தலையில் பூ கூடாது. தேனீ அங்கே வந்துவிடும். இதற்குப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அட்டை கடித்தாலும் பத்து நிமிடம் முடியும்வரை கையை அசைக்கக் கூடாது என்றதும் முணுமுணுப்பு சத்தமாகவே கேட்டது.

பயிற்சி கொடுத்தது நான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எல்லோரையும் உட்கார வைத்து, வகுப்பில் பேசுகிற மாதிரி வேகமாகப் பேசினேன். கடைசியில் ஒரு பெண் கை தூக்கினாள். ஐம்பதை நெருங்கிய வயது. கண்ணாடியின் ஒரு காது உடைந்து, நூலால் கட்டியிருந்தது.

"டீச்சர், வந்தா போதுமா, உள்ள போகணுமா?"

எனக்குக் குமுளி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "பூவுக்குன்னு வந்ததை எண்ணுங்க, அவ்வளவுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். அவள் "சரி" என்று தலையாட்டினாள். அவள் பெயர் செல்லத்தாய்.

இரண்டு பூப் பருவம் எண்ணினோம். தாள்கள் கட்டுக் கட்டாக வந்தன. ஜெபராஜ் அவற்றைக் கணினியில் ஏற்றினார், நான் சோதனைகள் போட்டேன். ஐந்து தோட்டத்து எண்கள் அக்கா தங்கைகள் மாதிரி ஒத்திருந்தன. ஆறாவது தோட்டம் ஒட்டவே இல்லை. மற்றவர்கள் பத்து எழுதிய காலையில் அங்கே மூன்று இருக்கும்; சில நாள் இரண்டு. எண்ணியவர் யார் என்று பார்த்தேன். செல்லத்தாய்.

அந்த நூல் கட்டிய கண்ணாடி என் கண்முன் வந்தது. அப்போதே என் மனசு தீர்ப்பு எழுதிவிட்டது.

சாரிடம் போனேன். "ஆறாவது தோட்டத்துப் பத்தி விலகி நிக்குது சார். எடுத்துடலாமுங்களா?"

"போய்ப் பார்த்தேளா?"

"போகலைங்க சார். ஆனா மூணு விதமாச் சோதனை போட்டேன். மூணுலயும் அது வெளியதான் நிக்குது."

"அப்படியாக்கும்" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. "உங்க கணக்கு, உங்க கையெழுத்து."

ஆறாவது பத்தியின்மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில், 'எண்ணுபவரின் பார்வைக் குறைபாடாக இருக்கலாம்' என்று எழுதினேன் என்று இன்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது; ஆனால் அப்படித்தான் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன்.

மீதி ஐந்தை வைத்துக் கட்டுரை எழுதினோம். தேனீக்கள் போதுமான அளவு வருகின்றன, காய் பிடிக்காததற்கு மழைதான் காரணம் என்பது முடிவு. ஓர் ஆய்விதழ் அதை ஏற்றுக்கொண்டது. எனக்குப் பதவி உயர்வுக்கு அந்தக் கட்டுரை வேண்டியிருந்தது. சார் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். அவருக்கு அது கடைசிக் கட்டுரை. தோட்டக்காரர்கள் கேட்டதற்காக அந்த முடிவைத் துண்டுப் பிரசுரமாக அச்சடிக்கவும் ஏற்பாடு நடந்தது. தேனீ நிறைய இருப்பதால் காலையில் மருந்து அடிப்பதில் பெரிய பாதகமில்லை என்று அதில் ஒரு வரி. அந்த வரியைச் சேர்த்ததும் நான்தான்.

அச்சுப் பிழை திருத்த ஆய்விதழிலிருந்து தாள்கள் வந்த வாரம், ஜெபராஜ் எங்கள் துறைக்குள் கிட்டத்தட்ட ஓடி வந்தார். சாதாரணமாக மெதுவாக நடக்கிற மனிதர்.

"டீச்சர், ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்னங்க ஆச்சு?"

"எந்தச் சரத்துக்கு எத்தனை தேனீ வந்துச்சோ, அந்தச் சரத்துல எத்தனை காய் பிடிச்சுச்சுன்னு சேர்த்துப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினேன்ல? அதுல பழைய ஃபைலைக் கொடுத்துட்டேன். நீங்க கோடு போட்ட பத்தியும் அதுல இருந்துச்சு."

"சரி, அதை எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க."

"எடுக்க மனசு வரல டீச்சர். வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். திரையில் ஆறு படங்கள். ஐந்து தோட்டங்களின் புள்ளிகள் மாவு சிந்தின மாதிரி கண்டபடி கிடந்தன. தேனீ அதிகம் வந்த சரத்திலும் காய் இல்லை, குறைவாக வந்த சரத்திலும் காய் இருந்தது. ஆறாவது படத்தில் புள்ளிகள் ஒரு கோட்டில் ஏறிப் போயின. செல்லத்தாய் எழுதிய எண் ஏறினால் காயும் ஏறியது. அவள் ஒன்று எழுதிய இடத்தில் ஒன்றிரண்டு, அபூர்வமாக எட்டு எழுதிய இடத்தில் ஏழெட்டு.

கண் தெரியாத ஒருத்தியின் எண்ணிக்கை எப்படிக் காயோடு இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகும்? மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிப் போய்க் குமுளி ஏறி, சாயங்காலம் ஆனைக்கரையில் இறங்கினேன். ஜெபராஜின் சித்தி வீட்டில் தங்கினேன். காலை ஏழு மணிக்குச் செல்லத்தாயின் தோட்டத்தில் இருந்தேன். சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு யூரியாச் சாக்கை எடுத்துத் தன் பக்கத்தில் விரித்தாள்.

"நீங்களும் எண்ணுதீங்களா டீச்சர்?"

"ஆமாங்கக்கா. ரெண்டு பேரும் ஒரே சரத்தை எண்ணலாம். பேசாம எண்ணிட்டு அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்."

அவள் முதலில் செய்த காரியம், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் முடிந்ததுதான்.

பத்து நிமிடம். அட்டை ஒன்று என் கணுக்காலில் ஏறியது. நானே சொல்லிக் கொடுத்த விதியாதலால் அசையவில்லை. தேனீக்கள் வந்தன, போயின. முடிந்ததும் தாள்களைப் பக்கத்தில் வைத்தோம். எனக்கு ஒன்பது. அவளுக்கு இரண்டு.

"ஏனுங்கக்கா, கடைசியா ஒண்ணு வந்து உக்காந்துச்சே, அதை எண்ணலையா?"

"உக்காந்துச்சு. உள்ள போகலையே!"

"அதுக்கு முன்னால ஒண்ணு?"

"அது எட்டிப் பார்த்துட்டுப் பறந்துட்டு. வீட்டு வாசல்ல நின்னு குரல் கொடுத்துட்டுப் போறவங்க மாதிரி." அவள் ஒரு பூவைப் பறிக்காமல் விரலால் லேசாகத் தூக்கிக் காட்டினாள். "இங்கன பாருங்க. இந்தக் கோடு போட்ட இதழுக்கும் மேல இருக்குற இந்தத் தண்டுக்கும் நடுவுல இடுக்கு இருக்குல்லா? அதுக்குள்ள நுழைஞ்சாத்தான் முதுகுல வெள்ளைப் பொடி ஒட்டும். அடுத்த பூவுக்குள்ள நுழையும்போது அது அங்கன ஒட்டிக்கிடும். ஓரத்துல உக்கார்ந்துட்டுப் போனா பூவுக்கு என்ன லாபம்? அந்தப் பூ மறுநாள் உதிர்ந்துரும். நான் தினம் பார்க்கேன்லா."

"அப்போ உள்ள போனதை மட்டும்தான் ரெண்டு வருசமா எண்ணுனீங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க டீச்சர், பூவுக்குன்னு வந்ததை எண்ணுங்கன்னு! எட்டிப் பார்த்தது பூவுக்குன்னு வந்ததா?"

நான் அந்த ஈரச் சாக்கில் உட்கார்ந்து சிரித்தேன். அழுகையும் சேர்ந்து வந்தது, ஆனால் சிரிப்புதான் முந்திக்கொண்டது. மகரந்தச் சேர்க்கையைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருப்பதை, இந்தப் பெண் கீழே உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். ஸ்டோரில் அவள் என்னிடம் கேட்டதுதான் இந்த ஆய்வு முழுவதிலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் பஸ்ஸுக்குப் பறந்தேன்.

மறைத்து வைக்க முடியவில்லை. "அக்கா, ஒண்ணு சொல்லணும். உங்க கண்ணு சரியில்லைன்னு நினைச்சு, உங்க கணக்கையெல்லாம் நான் அடிச்சுப் போட்டுட்டேன்."

அவள் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் கண்ணாடிய வெச்சா சொல்லுதீங்க? இது தூரத்துக்கு டீச்சர். பஸ்ஸுல போர்டு பார்க்க. கிட்டத்துல நான் எறும்போட காலைக் கூட எண்ணிருவேன்." பிறகு என் கணுக்காலைப் பார்த்தாள். "அடிச்சது போகட்டும். வந்து கேட்டீங்கள்லா. அட்டைய எடுங்க, ரத்தம் வருது."

மற்ற ஐந்து பேரையும் அன்றே பார்த்தேன். அவர்கள் யாரும் ஏமாற்றவில்லை. சரத்துக்குப் பக்கத்தில் வந்த ஒவ்வொரு தேனீக்கும் நேர்மையாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். என் வாக்கியத்தை அவர்கள் ஐந்து பேரும் ஒரு விதமாகவும், செல்லத்தாய் ஒரு விதமாகவும் புரிந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியெல்லாம் சாரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசனை. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். ஓய்வு பெறப் போகிற மனிதரிடம் போய் அவருடைய கடைசிக் கட்டுரை தப்பு என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, பிரமோஷன் ரெண்டு வருசம் தள்ளிப் போயிருமுங்க."

அவர் தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "என்ற தோப்புல காய் எண்ணிக்கை தப்பாப் போச்சுன்னா, மறுக்கா எண்ணுன்னு நீதானே புள்ள என்னைய வெயில்ல நிக்க வெப்ப? இப்ப உன்ற முறை. போய் எண்ணு" என்றார்.

மறுநாள் சார் அறைக்குப் போய், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபராஜ் ஆறு படங்களையும் மேசையில் விரித்தார். சார் ஆறாவது படத்தைக் கையில் எடுத்து, கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தாரோ தெரியாது.

"அப்படியாக்கும்" என்றார்.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நிமிர்ந்து பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். எழுந்து வந்து ஜெபராஜின் தோளைத் தட்டினார்.

"டீச்சரே, முப்பது வருஷமா நான் பூ பார்க்கறேன். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். பாடம் எடுக்கறச்சே சொல்லுவேன். எண்ணற தாள் எழுதறச்சே மறந்துட்டேன் பாருங்கோ! 'வந்த தேனீ'ன்னு எழுதினது நானாக்கும். உங்களை விட எனக்குத்தான் வெட்கம்."

"கட்டுரை, சார்?"

"திரும்ப வாங்கிடலாம். துண்டுப் பிரசுரத்தை இன்னிக்கே போன் பண்ணி நிறுத்துங்கோ, அதுதான் அவசரம். ஜனங்க காலம்பற மருந்தடிக்க ஆரம்பிச்சா அந்த ரெண்டு தேனீயும் வராது."

பிரசுரம் அச்சுக்குப் போகவில்லை; ஒரு நாள் தாமதித்திருந்தால் போயிருக்கும். ஆய்விதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். நான் நான்கு முறை எழுதிய வரைவுகளில் எல்லாம் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஒரு சொல் எப்படியோ நுழைந்துவிட்டது. சார் ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டார். கடைசியில் அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். எதை எண்ண வேண்டும் என்று நாங்கள் தெளிவாகச் சொல்லவில்லை, சரியாக எண்ணிய ஒருவரின் எண்ணிக்கையை நாங்கள் நீக்கிவிட்டோம், மறுபடி எண்ணப் போகிறோம் என்று மூன்றே வாக்கியம். ஆசிரியர் குழுவிலிருந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது. மறுபடி எண்ணியதும் எங்களுக்கே முதலில் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று மூவரும் கேன்டீனில் பழம்பொரி தின்றோம். சார் இரண்டு தின்றார்.

அடுத்த பூப் பருவத்துக்குப் பயிற்சி கொடுத்தது செல்லத்தாய். அதே ஸ்டோர். ஐந்து பெண்கள், ஜெபராஜ், நான், ஓய்வு பெற்ற பிறகும் சம்பளமில்லாமல் வந்த சார், எல்லோரும் கீழே உட்கார்ந்தோம். அவள் தேனீயை மூன்றாகப் பிரித்தாள்: எட்டிப் பார்த்தது, உட்கார்ந்தது, உள்ளே போனது. தாளில் மூன்று கட்டம் போடச் சொன்னாள். "மூணையும் எழுதுங்க. எட்டிப் பார்த்ததும் வேணும். எட்டிப் பார்த்துட்டு ஏன் போகுதுன்னு யாராச்சும் நாளைக்குக் கேப்பாங்கள்லா" என்றாள். புள்ளியியலில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

பிறகு செடிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொருவருக்கும் பரீட்சை வைத்தாள். அவள் எண்ணிக்கையோடு ஒத்து வந்தால்தான் தாள் கொடுப்பாள். மூக்கம்மாள் என்ற பெண் முதல் தடவையே தேறிவிட்டாள். ஜெபராஜ் இரண்டாம் தடவை. எனக்கு மூன்று. சார் மூன்று தடவையும் தவறினார்.

"சாருக்கு இன்னும் ரெண்டு தப்பு வருது" என்றாள் செல்லத்தாய், எங்கள் எல்லோர் முன்னாலும். "பூவைப் பார்க்குதாரு, தேனீயப் பார்க்க மாட்டேங்குதாரு."

"பழக்க தோஷமாக்கும்" என்று சார் தலையைச் சொறிந்தார். நாலாவது தடவையில் தேறினார். தேறியதும் தாளை வாங்கிக்கொண்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மாணவன் மாதிரி இருந்தது.

அந்தப் பருவம் முழுக்க மாதம் இருமுறை நான் மலையேறினேன். ஆறு பத்திகளும் இப்போது ஒன்றோடொன்று பேசின. உள்ளே போகும் தேனீ எல்லாத் தோட்டத்திலும் குறைவுதான். மருந்தடித்த காலைகளில் எட்டிப் பார்ப்பவை கூட இருந்தன, உள்ளே போகிறவை கிட்டத்தட்ட இல்லை. மழைக்கும் பங்கு உண்டு, ஆனால் நாங்கள் சொன்ன அளவுக்கு இல்லை. பழைய கட்டுரையின் முடிவு ஏறக்குறையத் தலைகீழாகிவிட்டது. ஜெபராஜ் படங்களைப் போட்டுக்கொண்டே பாடுவார். தேவாலயத்தில் பாடுகிறவர், குரல் நன்றாக இருக்கும்.

தோட்டக்காரர்கள் கூட்டத்தில் முடிவைச் சொன்னது நான். எண்களைச் சொல்லி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர், "சாயங்காலம் மருந்தடின்னு சொல்றீங்க, சாயங்காலம் ஆள் யாரு இருக்கா?" என்று எழுந்தார். பின்வரிசையிலிருந்து செல்லத்தாய் எழுந்து நின்றாள். "காலையில மூணு மணி நேரத்துக்கு மருந்தைத் தூக்காதீங்க. அந்த நேரம் களையெடுப்புக்கு ஆளை விடுங்க. களை எடுக்குற ஆளு சாயங்காலம் மருந்து அடிக்கட்டும். வேலை அதேதான், மணியத்தான் மாத்தணும்." அவர் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் மாறவில்லை. மாறிய சில தோட்டங்களில் அடுத்த வருடமும் போய் எண்ணினோம். அங்கே உள்ளே போகும் தேனீ கூடியிருந்தது. அதற்கும் ஒரு கட்டுரை வந்தது. என் பதவி உயர்வு இரண்டு வருடம் தாமதமாக வந்தது. வந்த அன்று வீட்டுக்காரர் தெருவுக்கே இளநீர் வெட்டினார்.

திரும்பப் பெற்றதற்குப் பதிலாக, மறுபடி எண்ணி எழுதிய சரியான கட்டுரையை அனுப்பும்போது ஆசிரியர்கள் பெயர் வரிசையைச் சார்தான் எழுதினார். என் பெயர், செல்லத்தாய் பெயர், ஜெபராஜ் பெயர், கடைசியில் அவர் பெயர். செல்லத்தாய்க்கு எந்தத் துறை, எந்த நிறுவனம் என்று ஆய்விதழில் கேட்டார்கள். ஏலத்தோட்டம், ஆனைக்கரை என்று எழுதி அனுப்பினோம். மறுபேச்சில்லாமல் அப்படியே போட்டுவிட்டார்கள்.

அச்சிட்ட பிரதிகளை எடுத்துக்கொண்டு மூவரும் ஆனைக்கரைக்குப் போனோம். செல்லத்தாய் லயத்தில் வாசலில் நாற்காலி போட்டிருந்தாள். மூக்கம்மாளும் மற்ற நான்கு பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் பெயர்கள் நன்றி வரிகளில் இருந்தன, அவற்றை ஜெபராஜ் சத்தமாகப் படித்துக் காட்டினார். பெயர் வரும்போதெல்லாம் ஒரு கைதட்டல். பிறகு செல்லத்தாய் தாளை வாங்கி, இங்கிலீஷ் எழுத்தில் தன் பெயர் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னால உள்ளது?"

"என்ற பேருங்கக்கா."

"பின்னால?"

"ஜெபராஜ். அதுக்கப்புறம் சார்."

அவள் முகம் கொஞ்சம் மாறியது. சாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதோடு கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள். "எங்க தோட்டத்துல காலையில செக்ரோல் நோட்டுல வேலைக்கு வந்தவங்க பேரு எழுதுவாங்க டீச்சர். லேட்டா வந்தவங்க பேரத்தான் கடைசியில எழுதுவாங்க. சார் பேரு ஏன் கடைசியில இருக்கு? சார் லேட்டா வந்தாரா?"

பெரிய ஆய்வுகளில் மூத்தவர் பெயர் கடைசியில் வரும், அது மரியாதை என்று விளக்க நான் வாயைத் திறந்தேன். சார் கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"ஆமா செல்லத்தாய்" என்றார், முகம் முழுக்கச் சிரிப்போடு. "ரொம்ப லேட்டாத்தான் வந்தேனாக்கும்."

"போகட்டும் சார்" என்றாள் செல்லத்தாய். "காப்பி ஆறுது, குடிங்க."